விட்டுப்போன எட்டு மணி நேரம்

திருத்தங்கலில் காளிராஜ் என்று சும்மா கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். காலண்டர் காளிராஜ் என்று கேட்டால் ஒரே வீடுதான். வயது ஐம்பத்துமூன்று. படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் கணக்கில் ஒரு தடவை பெயில். முப்பது வருஷமாகச் சிவகாசியில் ஒரே அச்சாபீஸில் வேலை. அங்கே அவருக்கு மேட்டர் பார்க்கிற நாற்காலி.

மேட்டர் பார்ப்பது என்றால் லேசான வேலை இல்லை. தினசரி காலண்டரில் நாளுக்கு ஒரு தாள். அதில் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகுகாலம், அன்றைய விசேஷம் எல்லாம் இருக்க வேண்டும். ஜோசியர் கையால் எழுதிக் கொடுப்பதை கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். அடித்ததையும் எழுதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்து, ‘சரி’ என்று காளிராஜ் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். அவர் ஒரு இடத்தில் அசந்தால் லட்சம் வீட்டுச் சுவரில் அந்தத் தப்பு தொங்கும். ஒரு ஏகாதசியை, ஒரு கிருத்திகையை அவர் இடம் மாற விட்டதில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

எழுதிக் கொடுக்கிற ஜோசியர் சாத்தூர் கருப்பணன். காளிராஜை விட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். காலண்டரின் முதல் தாளில் ‘கணித்தவர்: சாத்தூர் கருப்பணன்’ என்று வரும். காளிராஜ் பெயர் எங்கேயும் வராது. அதில்கூட அவருக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவை, ஒரு பிரதோஷத் தேதியில் சந்தேகம் வந்து கருப்பணனுக்குப் போன் போட்டிருந்தார். அந்த மனுஷன் என்ன அவசரத்தில் இருந்தாரோ, “நீரு எழுத்தைப் பாரும்யா, கிரகத்தை நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். காளிராஜுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அந்த முள்தான் அவரைக் கிரகணத்தைப் பார்க்க வைத்தது.

அச்சாபீஸ் பரணில் ஒவ்வொரு வருஷத்துக் காலண்டரிலும் ஒரு பிரதி கட்டிப் போட்டிருப்பார்கள். போன வருஷம் ஆவணியில், 2026-க்கான மேட்டர் வந்து கிடந்த நேரம், காளிராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பரணில் ஏறி உட்கார்ந்து பழைய காலண்டர்களைப் புரட்ட ஆரம்பித்தார். கடைசித் தாளில் அந்த வருஷத்துக் கிரகணங்களைப் போட்டிருப்பார்கள் அல்லவா, அதை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எழுதிப் பார்த்தால் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. 1991 ஜூலை 11-இல் ஒரு சூரிய கிரகணம். 2009 ஜூலை 22-இல் ஒன்று. 1995 அக்டோபர் 24, அது தீபாவளிக்கு மறுநாள். 2013 நவம்பர் 3, அதுவும் தீபாவளிக்கு மறுநாள். 1999 ஆகஸ்ட் 11. 2017 ஆகஸ்ட் 21. எதை எடுத்தாலும் பதினெட்டு வருஷம், அதற்கு மேலே பத்தோ பதினொன்றோ நாள். இடையில் எத்தனை லீப் வருஷம் வருகிறது என்பதைப் பொறுத்து அந்த ஒரு நாள் கூடும், குறையும். யாரும் சொல்லித் தரவில்லை. கணக்கில் பெயிலானவர் தானாகக் கண்டுபிடித்தார்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அதே தாள்களில் தேதிக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. 1995-இல் ‘இந்தியாவில் தெரியும்.’ 2013-இல் ‘இந்தியாவில் தெரியாது.’ 1999-இல் தெரியும், 2017-இல் தெரியாது. 1991-இல் தெரியாது, 2009-இல் தெரியும். அந்த வரியும் காளிராஜ் கண்ணில் பட்டது. படாமல் எப்படி இருக்கும், வாழ்நாள் முழுக்க வரி வரியாகப் பார்த்த கண் அது. தேதி ஒத்துப்போன சந்தோஷத்தில் அந்த வரியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாளைப் புரட்டிவிட்டார். வெட்கக்கேடு அங்கேதான் ஆரம்பித்தது.

2008 ஆகஸ்ட் 1, ஆடி அமாவாசை. அந்தக் கிரகணத்தை அவர் கண்ணாலேயே பார்த்தவர். சாயங்காலம் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ரோட்டுக்கு வந்து, பிளேட் போடுகிற கறுப்புப் பிலிம் துண்டுகளை மடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சூரியன் ஓரம் பிய்த்த தோசை மாதிரி இருந்தது. அந்த வருஷக் காலண்டரில் நேரம் ‘மாலை 4.45 முதல் 6.20 வரை’ என்று இருந்தது. பதினெட்டு வருஷம் பதினொரு நாள் கூட்டினால் 2026 ஆகஸ்ட் 12. அன்றைக்கும் ஆடி அமாவாசை!

கருப்பணன் எழுதியிருந்த மேட்டரை எடுத்துப் பார்த்தார். ‘ஆகஸ்ட் 12, ஆடி 27, புதன். சூரிய கிரகணம். இந்தியாவில் தெரியாது.’

“தெரியாதாம்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் ‘எழுத்தைப் பாரும்யா’ என்று வரும். பேனாவை எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து வந்த புரூப் தாளில் ‘தெரியாது’ என்பதைக் கோடு போட்டு அடித்தார். ‘தெரியும். மாலை 4.45 முதல் 6.20 வரை’ என்று பக்கத்தில் எழுதினார். அடியில் ‘சரி’ போட்டுக் கையெழுத்தும் போட்டார். முப்பது வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்றாத கை அது.

மார்கழியில் காலண்டர் எல்லா வீட்டுக்கும் போயிற்று. தன் வீட்டிலும் ஒன்று மாட்டினார். அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரே மகள் ரோஷினியைக் கொடுத்த வீடு விருதுநகரில் இருக்கிறது. பொங்கலுக்கு வந்த சம்பந்தியம்மா கற்பகவல்லியிடம், கடைசித் தாளைப் புரட்டிக் காட்டி, “இந்தக் கிரகணம் ஜோசியருக்கே பிடிபடல மதினி. நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுப் போட்டது” என்று சொன்னார். அந்தம்மா வாயைப் பிளந்து, “அடேயப்பா, எங்க சம்பந்திக்கு வானமே கையில இருக்கு” என்று விருதுநகரில் இருக்கிற சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்தாள். காளிராஜின் சம்சாரம் சுப்புலட்சுமி தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு திங்கட்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் எல்லாக் காலண்டர் கம்பெனியிலும் பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பத்தை வெளியே எடுப்பார்கள். ஊர் ஊராக ஏஜெண்டுகள் வந்து பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். முதலாளி சுந்தர்ராஜ் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பூஜைக்குத் தேங்காயும் வாழைப்பழமும் அவரே வாங்கி வந்துவிடுவார். பழத்தட்டு மேஜையில் இருக்கும்போதே தூத்துக்குடிப் பக்கத்து ஏஜெண்ட் ஒருத்தர் புது ஆல்பத்தைத் தொடாமல் இந்த வருஷத்துக் காலண்டரை எடுத்து விரித்தார்.

“அண்ணாச்சி, இன்னும் ஒம்பது நாள்ல கிரகணம்னு போட்டிருக்கீக. மத்த காலண்டர் எல்லாத்துலயும் ‘தெரியாது’ன்னு இருக்கு. எங்க கடைக்காரங்க சிரிக்காக. உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் வச்சிருக்கீகளான்னு கேக்காக.”

சுந்தர்ராஜ் காளிராஜைக் கூப்பிட்டார். “யோவ், எனக்கு ராகுகாலமும் தெரியாது, எமகண்டமும் தெரியாது. உங்க ரெண்டு பேர நம்பித்தான் கம்பெனி நடத்துதேன். இது என்னய்யா?”

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷத்து அவமானத்தோடு போயிருக்கும். ஆனால் சுற்றி பத்துப் பேர் நிற்கிறார்கள். மிஷின் ஆட்கள் வேறு கதவோரம் நின்று பார்க்கிறார்கள். காளிராஜின் வாய் தானாகத் திறந்தது.

“மேட்டர்ல அப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி.”

முதலாளி அங்கேயே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கருப்பணன் குரல் வந்தது.

“நான் ‘தெரியாது’ன்னுல்ல எழுதிக் குடுத்தேன் அண்ணாச்சி.”

“அப்ப ‘தெரியும்’னு எழுத்து தானா மொளச்சுதாக்கும்?”

“காளிராஜ் அங்கன இருக்காரா? அவரக் கேளுங்க. நான் வச்ச புள்ளியக்கூட அவரு மாத்த மாட்டாரு.”

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். காளிராஜ் பழத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பழத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அது காம்பு வரை போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு வாயத் திறக்காம நிக்காரு. உம்மக் காட்டிக் குடுக்க அவருக்கு மனசு வரல போல” என்று முதலாளி போனில் சொன்னார். “அடுத்த வருசத்து மேட்டருக்கு நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்.”

கருப்பணன் எழுதிய தாளும் திருத்திய புரூப்பும் காளிராஜ் பொறுப்பிலிருந்த பீரோவில்தான் கிடந்தன, எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கருப்பணனைக் காட்டிக் கொடுக்காத நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நாலு பேர் காளிராஜைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அடியாக விழுந்தது.

தான் போட்ட கணக்கு சரியா தப்பா என்பது அந்த நேரம் வரைக்கும் அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரோஷினியைக் கேட்டார். அவள் விருதுநகர் காலேஜில் கணக்குப் படித்தவள். ஆனியில் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். காலை நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தவள், போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

“அப்பா, நீங்க கண்டுபிடிச்சது நெசமாவே பெரிய விசயம்ப்பா. பதினெட்டு வருசம் பதினோரு நாள்ங்கிறது சரிதான். ஆனா அதோட எட்டு மணி நேரமும் இருக்கு. அத விட்டுட்டீக.”

“எட்டு மணி நேரந்தான? அதுல என்ன வந்துச்சு?”

அவள் கொய்யாப்பழத்தைத் தூக்கிப் பிடித்து, கடித்த இடத்தைக் காட்டினாள். “இதான் நம்ம ஊருன்னு வைங்க. ரெண்டாயிரத்தெட்டுல நெழலு இங்கன விழுந்துச்சு. எட்டு மணி நேரத்துல பூமி இம்புட்டுத் திரும்பிரும்.” பழத்தை மூன்றில் ஒரு பங்கு திருப்பினாள். “இப்ப நெழலு வேற நாட்டுல போயி விழும். அவுகளுக்குப் பகல். நமக்கு ராத்திரி பதினோரு மணி. இதே மாதிரி மூணு தடவை சுத்துனாத்தான் திரும்ப நம்ம பக்கம் வரும். அதுக்கு அம்பத்துநாலு வருசம் ஆகும்ப்பா.”

சமையல்கட்டில் இருந்த சுப்புலட்சுமிக்கு இது கேட்கவில்லை. ரோஷினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மீதிப் பழத்தைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் இருந்தது. தினமும் காலையில் ‘இன்னைக்குச் சொல்லிரணும்’ என்று சைக்கிளை எடுப்பார். தினமும் சாயங்காலம் சொல்லாமல் திரும்புவார். மூன்றாம் நாள் கருப்பணனே அச்சாபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். மஞ்சள் பையில் தன் நோட்டைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். முதலாளி ஊரில் இல்லை. “காளிராஜப் பாக்கணும்” என்று வாட்ச்மேனிடம் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. காளிராஜ் எழுந்து குடோனுக்குள் போய்ப் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்துமூன்று வயது மனுஷன், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சுவிடும் சத்தம் கேட்குமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தார். கட்டுகளின் சந்து வழியாகப் பார்த்தால், வெயிலில் நின்று கருப்பணன் துண்டால் கழுத்தைத் துடைப்பது தெரிந்தது. ஒரு மணி நேரம் நின்றார்.

போகும்போது வாட்ச்மேனிடம், “நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. நான் என்ன எழுதுனேன்னு அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்” என்றார்.

தெருவில் வேறு கேள்வி. டிவியில் தெரியாது என்கிறான், உங்க காலண்டரில் தெரியும் என்று இருக்கிறது, எதை நம்ப என்று கேட்டார்கள். “போட்டா போட்டதுதான்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். இது இரண்டாவது பொய். அச்சாபீஸில் கிரகணம் கருப்பணனுடையது, வீட்டில் காளிராஜுடையது. ஒரே தப்பை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் தூங்குவான்.

ஆடி அமாவாசை புதன்கிழமை வந்தது. காலையில் குளித்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் கற்பகவல்லி விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டாள். பையில் தர்ப்பைப் புல். தண்ணீர்ப் பானையில் ஒன்று, ஊறுகாய் ஜாடியில் ஒன்று, தயிரில் ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தாள்.

“டிவிக்காரன் தெரியாதுங்கான் மதினி” என்று சுப்புலட்சுமி இழுத்தாள்.

“டிவிக்காரன் என்னத்தக் கண்டான்? அவன் வீட்டுல மாசமா இருக்கிற பிள்ளை இருக்கா? நம்ம சம்பந்தி போட்ட கணக்கு இது. ஜோசியருக்கே பிடிபடாததுல்லா. பிள்ளைக்கு ஒரு கொற வந்தா டிவிக்காரன் வந்து தூக்கி வளப்பானா?”

பின்கட்டு அறையின் இரண்டு ஜன்னலிலும், மேலே இருக்கிற கண்ணாடி ஓட்டிலும், அச்சாபீஸில் கழித்துப் போட்ட பெரிய தாள்களைப் பசை தடவி ஒட்டினார்கள். எல்லாம் சாமி படம் அச்சடித்து நிறம் பிசகிய தாள்கள். பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை, லட்சுமிக்கு நாலு கண். நாலரை மணிக்கு ரோஷினியைக் கூப்பிட்டார்கள்.

அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். சம்பந்தியம்மா பக்கத்தில் நிற்கிறாள், சுப்புலட்சுமி நிற்கிறாள். காளிராஜ் சட்டைப் பித்தானைப் போட்டு அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

“சரி அத்தே, போறேன்” என்று ரோஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். பச்சைத் தண்ணீர்கூட ஆறு இருபதுக்குப் பிறகுதான்.

ஐந்து மணிக்குக் காளிராஜ் வாசலில் நின்று பார்த்தார். சூரியன் முழுசாக, ஓரம்கூடக் குறையாமல், மேற்கே தகதகவென்று நின்றது. தெருவில் பாதிச் சனம் வெல்டிங் கண்ணாடியும் எக்ஸ்ரேயுமாக நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாரீஸ்வரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினான்.

“காளிராஜண்ணே! சூரியன் இன்னும் உங்க காலண்டரப் பாக்கலியாண்ணே? ஒரு பிரதி குடுத்து விடுங்கண்ணே!”

சனம் சிரித்தது. காளிராஜ் திரும்பி உள்ளே வந்தார். அந்தச் சிரிப்பு ஒன்றும் செய்யவில்லை. அது அவருக்கு வரவேண்டியதுதான். பின்கட்டுக் கதவருகே போய்க் காதை வைத்தார். காற்றாடி ஓடுகிற சத்தம், அதற்குள் மகள் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம்.

“ரோஷினி.”

“என்னப்பா?”

“எப்படித்தா இருக்க?”

“வெக்கையா இருக்குப்பா. பிள்ளை ஒரே உருட்டு. பரவாயில்ல. ஆறு இருபது வரைக்குந்தான போட்டிருக்கீக. இன்னும் ஒரு மணி நேரந்தான். நான் இருந்துக்கிடுவேன், நீங்க போங்க.”

எட்டு மணி நேரத்தைக் கொய்யாப்பழத்தில் விளக்கியவள். கிரகணம் இல்லை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் தெரிந்தவள். அப்பன் பேர் கெடக் கூடாது என்று, இல்லாத கிரகணத்துக்காக ஒன்பது மாத வயிற்றோடு இருட்டில் உட்கார்ந்து, அவர் அச்சடித்த நேரத்தை அவருக்கே சொல்கிறாள்.

காளிராஜ் கதவைத் தள்ளினார். உள்ளே அடுப்பங்கரை மாதிரி அனல் அடித்தது. ரோஷினி சுவரில் சாய்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார். வெயில் பளீரென்று அறைக்குள் விழுந்தது.

“ஐயோ, பாவி மனுசா! பிள்ளை மேல வெயில் படுதே!” என்று சுப்புலட்சுமி ஓடி வந்தாள். கற்பகவல்லி பின்னாலேயே வந்து ரோஷினியை முந்தானையால் மூடப் பார்த்தாள்.

“விடுங்க மதினி. கிரகணம் இல்ல. நமக்கு இல்ல.”

“நீங்கதான போட்டீக?”

“நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன். ஜோசியரு சரியாத்தான் எழுதிக் குடுத்திருந்தாரு. பெரிய இவன்னு நான் அடிச்சுட்டு எழுதுனேன். பெறகு முதலாளி கேக்கையில அவரு தலையில போட்டுட்டேன். ஒம்பது நாளாத் தெரியும், தப்புன்னு. பிள்ளைக்கும் தெரியும்.”

கற்பகவல்லி மருமகளைப் பார்த்தாள். ரோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா சொம்பில் தண்ணீரை மொண்டு, அதில் கிடந்த தர்ப்பையை எடுத்து வெளியே எறிந்துவிட்டு மருமகள் வாயில் வைத்தாள். அவள் குடித்து முடித்த பிறகுதான் திரும்பினாள்.

“எம் பேரப்பிள்ளையும் எம் மருமகளும் உங்க பேருக்குக் காவலா உள்ள இருந்தாகளாக்கும்? தெரிஞ்சும் சொல்ல வாய் இல்லையா சம்பந்தி?”

சுப்புலட்சுமி காளிராஜின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஜன்னல் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழிக்கிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

மறுநாள் காலையில் அச்சாபீஸ் திறந்ததும் போய்ப் பீரோவிலிருந்து கருப்பணன் எழுதிய தாளை எடுத்தார். ‘இந்தியாவில் தெரியாது’ என்று நீல மையில் பளிச்சென்று இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சாத்தூர் பஸ் ஏறினார்.

கருப்பணன் வீட்டில் நோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷத்துக்குப் பாதி எழுதி வைத்திருந்தார், யாருக்கு என்று தெரியாமலே. காளிராஜ் நிலைப்படிக்கு வெளியே நின்று தாளை நீட்டினார்.

“நான்தான் மாத்துனேன்.”

கருப்பணன் தாளை வாங்கிப் பார்த்தார். வாசித்ததையே திரும்ப வாசித்தார். “கம்ப்யூட்டர்ல அடிச்சவுக பிசகியிருப்பாக, நீரு அசந்திருப்பீருன்னு நெனைச்சேன். எம் பொண்டாட்டி அன்னைக்கே சொன்னா, உங்க காளிராஜ்தான் ஏதோ செஞ்சிருக்காருன்னு. அவ கன்னத்துல அறையாத கொறையா வஞ்சேன்யா நான்.”

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

“ஒரு போன் போட்டிருந்தா எட்டு மணி நேரத்த நான் சொல்லியிருப்பேனே.”

“நீங்கதான் எழுத்தப் பாரும்யான்னு சொன்னீக” என்றார் காளிராஜ். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவர் காதிலேயே விழுந்தது.

“எப்பச் சொன்னேன்?”

கருப்பணன் உண்மையாகவே யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. காளிராஜ் வருஷக்கணக்காகச் சுமந்தது, சொன்னவருக்கு நினைவிலேயே இல்லை.

கருப்பணன் போனை எடுத்து முதலாளி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, நிலைப்படியில் காளிராஜின் காலடியில் வைத்தார். “சொல்லும்.”

குனிந்துதான் பேச வேண்டியிருந்தது. மேட்டரைத் திருத்தியது, மேட்டரில் இருந்தது என்று சொன்ன பொய், குடோனில் ஒளிந்தது எல்லாம் சொன்னார்.

“ரெண்டு பேரும் வாங்க” என்றார் சுந்தர்ராஜ். “அன்னைக்கு எத்தனை பேரு முன்னால பேசாம நின்னீரோ அத்தனை பேரு முன்னால இதச் சொல்லணும். ஏஜெண்டையும் வரச் சொல்லுதேன். பெறகு உம்ம என்ன செய்யன்னு பாக்கேன்.”

கருப்பணன் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். காளிராஜ் பத்தடி பின்னால் போனார். பஸ் ஸ்டாண்டிலும் அதே பத்தடி. சிவகாசி பஸ் வந்தது. பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. கருப்பணன் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். அவர் பக்கத்து இடமும் காலிதான்.

“பெரியவரே, இம்புட்டு இடம் கெடக்கே, உக்காருங்க” என்றார் கண்டக்டர்.

“இருக்கட்டும்ப்பா” என்று காளிராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவகாசி வரைக்கும் நின்றுகொண்டேதான் போனார்.